ஆறு பாகத்துக்குக் கீழே வரும் வெளிச்சம்

பெங்களூர் அல்சூரில் நாங்கள் குடியிருக்கும் மாடி வீட்டின் முன்னறையில், மற்றவர்கள் டிவி வைக்கிற இடத்தில், ரெண்டடி நீளத்துக்கு ஒரு கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. 24 அங்குல நீளம், 14 அகலம், 14 உயரம். பாறையும் மணலும் போக 60 லிட்டர் தண்ணீர் நிற்கும். அதன் மேலே தொங்குகிற எல்.இ.டி. விளக்கை நானே செய்தேன். மூன்றாவது முறைதான் சரியாக வந்தது. முதல் இரண்டும் ஏன் தவறிப்போயின என்பது இப்போது நன்றாகத் தெரிகிறது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். பவளத்தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது "எத்தனை வாட் போடணும்?" என்பதுதான். நானும் அங்கேதான் ஆரம்பித்தேன், அங்கே ஆரம்பித்ததால்தான் ஒரு கூட்டுப் பவளத்தைப் பறிகொடுத்தேன்.

சரியான கேள்வி என்ன என்பது எனக்குச் சின்ன வயதிலேயே சொல்லப்பட்டிருந்தது, அப்போது புரியவில்லை. என் தாய்மாமா தூத்துக்குடியில் சங்குகுளிக்குப் போனவர். கோடை விடுமுறைக்கு அங்கே போனால் இடது உள்ளங்கையில் நீளமாக இருக்கும் தழும்பைக் காட்டிக் கதை சொல்வார். கடலடிப் பாரில் சங்கு தேடும்போது ஏதோ சிப்பியின் விளிம்பு கிழித்துவிட்டதாம். குளிரில் வலி தெரியவில்லை. கையிலிருந்து கறுப்பும் பச்சையுமாகப் புகை மாதிரி கிளம்புவதைப் பார்த்து, பாறையில் ஒட்டியிருந்த பாசியைக் கலைத்துவிட்டோம் போல என்று நினைத்திருக்கிறார். மேலே வந்து வள்ளத்தைப் பிடித்த பிறகுதான் அது ரத்தம் என்று தெரிந்தது. "ஆறு பாகம் எறங்கிட்டா செவப்புன்னு ஒரு நெறமே கெடையாது மருமவனே. தண்ணி அத மேலயே புடிச்சி வச்சிக்கிடும். நீலம் மட்டுந்தான் கீழ வரும்" என்பார்.

ஆறு பாகம் என்றால் சுமார் 11 மீட்டர். அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டியதில்லை. தண்ணீர் முதலில் சிவப்பை விழுங்குகிறது, அப்புறம் ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள். தெளிந்த கடலில் நீலம்தான் ஆழம்வரை போகும். பவளம் லட்சக்கணக்கான வருடமாக அந்த நீலத்தில் பழகிய பிராணி. சரியாகச் சொன்னால், அதன் சதைக்குள் குடியிருக்கும் பாசிகள் பழகியவை. ஜூசாந்தெல்லே என்று சொல்லப்படும் ஒற்றைச் செல் பாசிகள் அவை, ஒரு சதுர சென்டிமீட்டர் பவளத்தில் பத்து லட்சம் அளவுக்கு இருக்கும். வெளிச்சத்தை வைத்து இவை சமைப்பதில் பெரும்பங்கு பவளத்துக்குப் போகிறது. நாம் மேலே மாட்டுகிற விளக்கு அந்தப் பாசிக்கான அடுப்பு. அந்தப் பாசிகளில் உள்ள பச்சையமும் பெரிடினின் என்ற நிறமியும் 430-லிருந்து 500 நானோமீட்டர் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அலைநீள அளவு) வரையிலான நீலத்தை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே "எத்தனை வாட்" என்று கேட்கக் கூடாது. எந்த நிறம், அது பவளம் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு எவ்வளவு வந்து சேர்கிறது, இந்த இரண்டையும்தான் கேட்க வேண்டும்.

மேலே போவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டில் கல் பவளங்கள் எல்லாமும், கருப்புப் பவளம், கடல்விசிறி, நெருப்புப் பவளம் ஆகியவையும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கின்றன. 2001-இல் சேர்த்தார்கள். புலியும் யானையும் இருக்கிற அதே அட்டவணை. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளக்கல்லை வெட்டி வெட்டி என்ன ஆனது என்று மாமா கண்ணால் பார்த்திருக்கிறார். அங்கே இரண்டு தீவுகளே தண்ணீருக்குள் போய்விட்டன. கடலிலிருந்து ஒரு துண்டைக்கூட எடுக்காதீர்கள், எடுத்து விற்கிறவரிடம் வாங்காதீர்கள். என் தொட்டியில் இருப்பவை மென்மையான வகைகள் மட்டும்தான்: ஜோவாந்தஸ் (சுருக்கமாக ஜோவா), மஷ்ரூம், ஒரு டோட்ஸ்டூல். மூன்றுமே நண்பர்கள் தங்கள் தொட்டிகளில் வெட்டி வளர்த்துக் கொடுத்த துண்டுகள். வெளிச்சம் குறைவாக இருந்தாலும் இவை தாங்கும், அதிகமானால்தான் தாங்காது. அந்த இரண்டாவது பாதியை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

முதல் விளக்கு, கடையில் கிடைத்த 50 வாட் வெள்ளை ஃபிளட் லைட். அதைத் தொட்டிக்கு மேலே ஒரு அடியில் தொங்கவிட்டபோது முன்னறையே கண் கூசியது. இவ்வளவு வெளிச்சம் தாங்குமா என்று பயந்து ரெண்டரை அடிக்கு உயர்த்தினேன். ஒரு மாதத்தில் ஜோவாக்கள் எல்லாம் கழுத்தை நீட்ட ஆரம்பித்தன. ஜோவாவின் வட்டமுகம் பாறையோடு ஒட்டி இருக்க வேண்டும், வெளிச்சம் போதவில்லை என்றால் காம்பு நீண்டு மேலே தேடும், ஜன்னலோரம் வைத்த கீரை விதை சாய்கிற மாதிரிதான். அதே சமயம் கண்ணாடியிலும் பாறையிலும் பச்சைப் பாசி நூல்நூலாக வளர்ந்தது. எனக்குக் குழப்பமாக இருந்தது. இவ்வளவு வெளிச்சம் இருந்தும் பவளம் ஏன் ஏங்குகிறது?

அப்போதுதான் லூமென் என்பது என்ன என்று ஒழுங்காகப் படித்தேன். லூமெனும் லக்ஸும் மனிதக் கண்ணுக்காகச் செய்த அளவுகள். நம் கண் பகலில் 555 நானோமீட்டர் பச்சையைத்தான் மிகப் பிரகாசமாகப் பார்க்கும். அதை நூறு என்று வைத்தால், அதே சக்தியுள்ள 450 நானோமீட்டர் நீலம் நமக்கு நாலுக்கும் குறைவாகத்தான் தெரியும். பவளத்துக்கு மிகவும் பிடித்த நிறம் நம் கண்ணுக்கு மங்கல், நம் கண்ணைக் கூசவைக்கிற நிறம் பவளத்துக்கு ரெண்டாம்பட்சம். என் கண் "அதிகம்" என்று சொன்னதை நம்பி விளக்கை உயர்த்தினேன், பவளம் பட்டினி கிடந்தது.

சரி, நீலம்தானே வேண்டும் என்று இரண்டாவது விளக்குக்கு இறங்கினேன். டவுன் ஹால் பக்கம் எஸ்.பி. ரோடு போய், 3 வாட் ராயல் ப்ளூ எல்.இ.டி. 16, வெள்ளை 8, எல்லாவற்றுக்கும் 60 டிகிரி லென்ஸ், சூட்டை வெளியேற்ற ஒரு பெரிய அலுமினிய ஹீட்சிங்க், கரண்டைச் சீராகக் கொடுக்கும் டிரைவர் இரண்டு வாங்கிவந்து ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்தேன். எரியவிட்டுப் பார்த்தால் அடர்ந்த ஊதாநீலம், அழகாகவும் மங்கலாகவும் இருந்தது. முந்தைய விளக்கைவிட ரொம்பக் குறைவாகத் தெரிந்ததால் தண்ணீரிலிருந்து எட்டு அங்குலத்துக்கு இறக்கி, முழு வேகத்தில் பத்து மணி நேரம் விட்டேன்.

நாலாவது நாள் சாயங்காலம் என் மகள்தான் முதலில் பார்த்தாள். "அப்பா, இந்தக் காளான் சின்னதாயிடுச்சு." உள்ளங்கை அகலம் விரிந்து கிடந்த சிவப்பு மஷ்ரூம் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சுருங்கி, நடுவிலிருந்து ரோஜா நிறமாகி இருந்தது. டோட்ஸ்டூல் தன் விரல்களையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு மெழுகு பூசின மாதிரி நின்றது. பாறை உச்சியில் இருந்த ஆரஞ்சு ஜோவா கூட்டம் அப்படியே வெளுத்துவிட்டது. வெளிச்சம் தாங்காமல் பவளம் தன் பாசிகளை வெளியே தள்ளிவிடும். அப்புறம் வெறும் கண்ணாடிச் சதைதான் மிஞ்சும். 2016-இல் சூட்டினால் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் வெளுத்துப்போனபோது மாமா போனில், "பாரெல்லாம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி கெடக்கு மருமவனே" என்று சொல்லிவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். அதையே நான் 60 லிட்டரில், என் கையால் செய்திருந்தேன். மஷ்ரூமும் டோட்ஸ்டூலும் மூன்று மாதத்தில் தேறின. அந்த ஆரஞ்சு ஜோவாக்கள் தேறவில்லை.

முதல் தடவையும் இரண்டாவது தடவையும் ஒரே தவறுதான். கண்ணை அளவுகோலாக வைத்தேன். வெள்ளையை அதிகம் என்று நினைத்து உயர்த்தியதும் நீலத்தைக் குறைவு என்று நினைத்து இறக்கியதும் ஒரே கண்தான்.

அதனால் மூன்றாவது விளக்குக்கு முன்னால் இரண்டு விஷயங்களை அளந்துவிடுவது என்று முடிவு செய்தேன்: விற்கிறவர் சொல்லும் நிறம் உண்மையில் எந்த நிறம், பாறைக்கு எவ்வளவு வந்து சேர்கிறது.

நிறத்தை அளக்க ஒரு பழைய சி.டி. போதும். காலணிப் பெட்டி ஒன்றின் ஒரு முனையில் இரண்டு பிளேடுத் துண்டுகளைத் தலைமுடி இடைவெளியில் எதிரெதிராக ஒட்டி ஒரு கீற்று உண்டாக்க வேண்டும். எதிர்முனையில் சி.டி.யின் ஒரு துண்டைச் சாய்வாக வைத்து, அதைப் பார்க்கிற மாதிரி போன் கேமராவுக்கு ஒரு துளை. பெட்டிக்குள் வேறு வெளிச்சம் புகாதபடி கருப்பு டேப். சி.டி.யில் உள்ள தடங்கள் 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளியில் இருப்பதால் வெளிச்சத்தைப் பிரித்து வானவில்லாக்கிவிடும். முதலில் ஒரு பழைய சி.எஃப்.எல். பல்பைக் காட்டிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பாதரசத்தின் நீலக்கோடு 436 நானோமீட்டரிலும் பச்சைக்கோடு 546-லும் பளிச்சென்று நிற்கும். இரண்டு கோடுகளும் படத்தில் எத்தனை புள்ளி தள்ளி இருக்கின்றன என்று பார்த்துவிட்டால் உங்களிடம் ஒரு ஸ்கேல் வந்துவிட்டது. அப்புறம் பெட்டியை அசைக்காமல் எல்.இ.டி.யைக் காட்டி, கேமராவின் வெளிச்சத்தை நன்றாகக் குறைத்து இன்னொரு படம். கோட்டின் மிகப் பிரகாசமான இடம் எங்கே விழுகிறதோ அதுதான் அதன் நிறம். நாலைந்து நானோமீட்டர் முன்னே பின்னே இருக்கலாம், நம் தேவைக்கு அது போதும்.

450 என்று சொல்லி விற்கப்பட்ட என் பழைய ராயல் ப்ளூ இந்தப் பெட்டியில் 463-க்குப் பக்கத்தில் நின்றது. வேறொரு கடையில் ரெண்டே ரெண்டு மாதிரி வாங்கிவந்து பார்த்தேன், 452. அங்கேயே மீதியை வாங்கினேன். 463-ம் கெட்ட நிறம் இல்லை, பவளம் அதையும் எடுத்துக்கொள்ளும், ஆனால் பச்சையும் ஆரஞ்சுமாக ஒளிர்கிற அந்த அழகு 450-க்குப் பக்கத்தில்தான் நன்றாக எழும்பும். பவளத்தின் சதையில் இருக்கும் ஒளிரும் புரதங்கள் நீலத்தை வாங்கிப் பச்சையாகவும் ஆரஞ்சாகவும் திருப்பித் தருகின்றன. அதே பெட்டியில் வெள்ளை எல்.இ.டி.யையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஒரு கூர்மையான நீலமும், பக்கத்தில் அகலமான மஞ்சள்பச்சைத் திட்டும் தெரியும். வெள்ளை எல்.இ.டி. என்று நாம் சொல்வது மஞ்சள் பாஸ்பர் பூசிய நீல எல்.இ.டி.தான். அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கொடுத்தது இந்த நீலத்துக்காகத்தான். சிவப்பும் பச்சையும் எல்.இ.டி.யில் எப்போதோ வந்துவிட்டன, பிரகாசமான நீலம் 1990-களில்தான் வந்தது. வீட்டில் ஒருவன் உட்கார்ந்து பவளத்துக்கு விளக்கு செய்யலாம் என்ற நிலைமை அதற்கு அப்புறம்தான் வந்தது. அதற்கு முன் 150 வாட் மெட்டல் ஹாலைட் போட்டு, அது தண்ணீரைச் சுடவைக்க, அதைக் குளிரவைக்க ஒரு சில்லர் போட வேண்டியிருந்தது. சென்னையில் இருக்கும் நண்பர்கள் இன்றைக்கும் சில்லர் இல்லாமல் சமாளிக்க முடிவதில்லை. பெங்களூர் வானிலைக்கு எல்.இ.டி. போட்டால் ஏப்ரல், மே தவிர மற்ற மாதங்களில் ஒரு சின்ன ஃபேனே போதும். இந்த ஊரில் பவளத்தொட்டி வைப்பவர்களுக்குக் கிடைத்த பெரிய சலுகை அது.

இரண்டாவது அளவுக்குப் பேர் 'பார்' (PAR). பாசி பயன்படுத்தக்கூடிய 400-லிருந்து 700 நானோமீட்டர் வரையிலான வெளிச்சம், ஒரு சதுர மீட்டரில் ஒரு விநாடிக்கு எவ்வளவு விழுகிறது என்பதைச் சொல்கிற எண். நடுப்பகல் வெயில் தண்ணீருக்கு மேலே 2000 வரை போகும். மென்பவளங்களுக்கு 50-லிருந்து 100 வரை தாராளம், மஷ்ரூமுக்கு அதில் கீழ்ப்பாதி. பார் மீட்டர் விலை அதிகம், ஒரு தொட்டிக்காக வாங்குவது வீண் செலவு. வேளாண் ஆராய்ச்சி செய்யும் நண்பர் ஒருவரிடம் இருந்தது, பசுமைக்குடிலில் செடிகளுக்கு அளப்பதற்காக வைத்திருந்தார், ஒரு சனிக்கிழமைக்கு மட்டும் கொடுத்தார். நான் போனில் அவரிடம் "பார் எவ்வளவு வரும், பார் எவ்வளவு வரும்" என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, அந்த வாரம் ஊரிலிருந்து வந்திருந்த மாமா நிமிர்ந்து பார்த்து, "எந்தப் பார்?" என்றார். அவருக்குப் பார் என்றால் கடலுக்கடியில் இருக்கும் பாறைத்திட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர் உண்டு.

பழைய விளக்கையே முன்பு வைத்திருந்த மாதிரி மறுபடி தொங்கவிட்டு அளந்தேன். மஷ்ரூம் இருந்த இடத்தில் 310. பாறை உச்சியில் 400-ஐத் தாண்டியது. அந்த எண்ணைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்த அந்த நீலத்துக்குள் அவ்வளவு இருந்திருக்கிறது. 60 டிகிரி லென்ஸ்தான் முக்கியக் காரணம். ரெண்டடி, மூன்றடி ஆழத்துக்கு வெளிச்சத்தைக் குவித்து அனுப்பச் செய்த பொருள் அது. 14 அங்குல உயரத் தொட்டிக்கு லென்ஸே வேண்டாம். அதைக் கழற்றிய உடனே நிறங்கள் ஒன்றோடொன்று கலந்தன, மணலில் நீலப்புள்ளி வெள்ளைப்புள்ளியாகத் தெரிந்த திட்டுகளும் மறைந்தன.

இப்போது ஓடுகிற மூன்றாவது விளக்கில் 18 எல்.இ.டி. இருக்கின்றன. ராயல் ப்ளூ 8, 470 நானோமீட்டர் நீலம் 4, 6500 கெல்வின் வெள்ளை 4, 415-க்குப் பக்கத்தில் ஊதா 2. ஆறு ஆறாக மூன்று வரிசை, ஒவ்வொரு வரிசைக்கும் தனி டிரைவர். வெள்ளையும் ஊதாவும் ஒரு வரிசையில் இருப்பதால் அவற்றை நீலத்தைத் தொடாமல் தனியாகக் குறைக்கலாம், இது ரொம்ப முக்கியம். சிவப்பு எல்.இ.டி. சேர்க்கவில்லை. மீனின் நிறம் எடுப்பாகத் தெரியும் என்று சிலர் சேர்ப்பார்கள். பவளத்துக்கு அது வேண்டியதில்லை, வெள்ளையில் வருகிற கொஞ்சம் சிவப்பே போதும்.

கடைக்காரர் ஒருவர் "டிரைவருக்கு ஏன் சார் காசு, ஒரு ரெசிஸ்டர் போடுங்க" என்றார். போடாதீர்கள். எல்.இ.டி. சூடாகச் சூடாக அதன் வோல்டேஜ் தேவை இறங்கும், அதனால் இன்னும் அதிகக் கரண்ட் இழுக்கும், இன்னும் சூடாகும். சின்ன இண்டிகேட்டர் பல்புக்கு ரெசிஸ்டர் சரி. இந்த அளவுக்கு, கரண்டை ஒரே அளவில் நிறுத்தும் டிரைவர்தான் வேண்டும். நான் போட்டது மீன்வெல் எல்.டி.டி.-700எச். கட்டைவிரல் அளவு இருக்கும், 700 மில்லி ஆம்பியர் கொடுக்கும். கணக்கு எளிது: ஒரு நீல எல்.இ.டி.க்கு 3.2 வோல்ட் என்று வைத்தால் ஆறுக்கு 19 சொச்சம், டிரைவருக்குத் தலைக்கு மேலே ஒரு 3 வோல்ட் இடம் விட வேண்டும், ஆக 24 வோல்ட் எஸ்.எம்.பி.எஸ். (வீட்டுக் கரண்டைக் குறைந்த வோல்ட் டி.சி.யாக மாற்றும் சப்ளை) கச்சிதம். ஏழாவது எல்.இ.டி.யைச் சேர்க்க ஆசைப்பட்டால் இந்தக் கணக்கு உடைந்துவிடும். இன்னொன்று, 3 வாட் என்று விற்கிற எல்.இ.டி. 700 மில்லி ஆம்பியரில் 2.2 வாட்தான் எடுக்கிறது; 18-க்கும் சேர்த்து 40 வாட், அதற்கு 3 ஆம்பியர் சப்ளை தாராளம். எல்லாம் சேர்த்து 6,000 ரூபாய் சொச்சம் ஆனது.

சால்டரிங்கில் ஒரு விஷயம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. நட்சத்திர வடிவ அலுமினியத் தட்டின் மேல் எல்.இ.டி. உட்கார்ந்திருக்கும். அந்த அலுமினியம் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால், வீட்டில் இருக்கும் 25 வாட் அயர்னை வைத்தால் ஈயம் உருகாமல் கஞ்சி மாதிரி குழைந்து நிற்கும், பார்க்க ஒட்டின மாதிரி இருக்கும், ஒரு மாதத்தில் விட்டுவிடும். 60 வாட் அயர்ன் வேண்டும். ஹீட்சிங்கில் பொருத்துவதற்கு முன்பே இரண்டு முனையிலும் ஈயம் ஏற்றி வைத்துக்கொள்ள வேண்டும். பொருத்திய பிறகு முயன்றால் ஒன்றரைக் கிலோ அலுமினியத்தையும் சேர்த்துச் சூடாக்கப் போராட வேண்டியிருக்கும். ஈயம் பளபளவென்று வெள்ளிமணி மாதிரி உருண்டு நின்றால் சரி. சாம்பல் பூத்த மாதிரி சொரசொரப்பாக இருந்தால் மறுபடி உருக்குங்கள். அடியில் தெர்மல் பேஸ்ட் அரிசிமணி அளவு போதும். ஹீட்சிங்கைப் பழைய சாமான் கடையில் எடைக்கு வாங்கினேன். விளக்கு ரெண்டு மணி நேரம் எரிந்த பிறகு அதன் மேல் கை வைத்து நிதானமாகப் பத்து எண்ண முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் ஃபேன் போட வேண்டும். 24 வோல்ட் ஃபேனே கிடைக்கிறது, அதே சப்ளையில் ஓடும். எரிகிற நீல எல்.இ.டி.யை நேராகக் குனிந்து பார்க்கவே பார்க்காதீர்கள். மங்கலாகத்தானே இருக்கிறது என்று தோன்றும், விழித்திரைக்கு அப்படி இல்லை.

உப்புத்தண்ணீரும் 230 வோல்ட்டும் ஒரே அறையில் இருக்கின்றன என்பதை மறக்கக் கூடாது. எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தொட்டிக்கு மேலே வைக்காமல் சுவரில் ஒரு மூடிய பெட்டியில் வைத்து, 24 வோல்ட் ஒயர் மட்டும் விளக்குக்குப் போகிறது. ஒயர்கள் பிளக்குக்குக் கீழே ஒரு தொங்கல் விட்டுத்தான் மேலே ஏறுகின்றன. ஒயரோடு தண்ணீர் வழிந்து வந்தாலும் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். எங்கள் வீட்டில் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் உடனே கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கவில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு 30 மில்லி ஆம்பியர் ஒன்றைப் போட்டு, எர்த்தையும் சரிபார்க்கச் சொன்னேன். விளக்குக்கு ஆசைப்படுகிறவர்கள் இந்தச் செலவை முதலில் செய்யுங்கள், பவளத்தை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

நேரம் வைப்பதற்கு முதலில் சுற்றுகிற டைமர் போட்டிருந்தேன். கரண்ட் போகிற நேரமெல்லாம் அது நின்று நின்று, மாதக் கடைசியில் பவளத்தின் மதியம் எங்கள் இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கு வந்திருந்தது. இப்போது இ.எஸ்.பி.32 என்ற ஒரு குட்டிக் கணினிப் போர்டும், பட்டன் பேட்டரியில் ஓடுகிற டி.எஸ்.3231 கடிகாரமும் இருக்கின்றன. கரண்ட் எத்தனை தடவை போனாலும் மணி மாறாது. இந்த டிரைவரின் டிம் முனையை (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் முனை) எதிலும் இணைக்காமல் விட்டால் முழு வெளிச்சம் என்று அர்த்தம், அதனால் போர்டு உயிர்பெறும் அந்த ஒரு விநாடியில் நள்ளிரவிலும் பளிச்சென்று எரிந்து அணையும். மீன்கள் திடுக்கிட்டுப் பாறையில் மோதுவதைப் பார்த்த பிறகு, அந்த முனையை ஒரு ரெசிஸ்டர் வழியாக மைனஸோடு இணைத்துவிட்டேன்.

மதியம் ஒரு மணிக்கு நீலம் மெதுவாக ஏறும். மூன்று மணிக்கு வெள்ளை சேரும், எட்டுக்கு இறங்க ஆரம்பிக்கும், பத்துக்கு எல்லாம் அணைந்துவிடும். சூரியனோடு ஒத்துப்போக வேண்டும் என்று பவளத்துக்கு ஒன்றும் இல்லை, ஒன்பது மணி நேரம் கிடைத்தால் போதும். நாங்கள் வேலையிலிருந்து வந்து உட்கார்ந்து பார்க்கிற நேரத்தில் எரிந்தால் எங்களுக்கும் நல்லது.

அளவை இந்தத் தடவை பயந்து பயந்துதான் ஏற்றினேன். 25 சதவீதத்தில் ஆரம்பித்து வாரத்துக்கு 5. ஒவ்வொரு ஞாயிறும் அதே இடத்திலிருந்து படம் எடுத்து முந்தைய வாரத்தோடு ஒப்பிட்டேன். கேமராவுக்கு எல்லாமே நீலமாகத்தான் தெரியும், லென்ஸின் மேல் ஆரஞ்சு ஜெலட்டின் தாளைப் பிடித்து எடுத்தால் உண்மை நிறம் வரும். நீலம் 55-லும் வெள்ளை 30-லும் மஷ்ரூம்கள் அகலமாக விரிந்து, ஜோவாக்கள் பாறையோடு ஒட்டி உட்கார்ந்தன. அங்கேயே நிறுத்தினேன். மீட்டரை மறுபடி ஒரு நாள் வாங்கிப் பார்த்தபோது பாறை உச்சியில் 120, நடுவில் 80, மணலில் 45. பாதிச் சக்தி உபயோகமே இல்லாமல் இருக்கிறதே என்று ஒரு நண்பர் கேட்டார். இருக்கட்டும். எல்.இ.டி. சூடாகாமல் பல வருடம் உழைக்கும், பவளமும் நிம்மதியாக இருக்கும்.

விளக்குக்கு அடியில் 3 மில்லிமீட்டர் அக்ரிலிக் தகடு இருக்கிறது. வாரத்துக்கு ஒரு தடவை அதை நல்ல தண்ணீர் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். தெறிக்கிற துளிகள் காய்ந்து உப்பு மெல்லிசாகப் படியும், கண்ணுக்குத் தெரியாது. லக்ஸ் மீட்டர் பவளத்துக்கான அளவைச் சொல்லாது என்றாலும், ஒரே விளக்கை ஒரே இடத்தில் நேற்றும் இன்றும் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். தகட்டுக்குக் கீழே குறித்து வைத்த இடத்தில் ஒரு தடவை பார்த்தேன். துடைப்பதற்கு முன் 6,200, துடைத்த பிறகு 7,400. ரெண்டு வாரம் துடைக்காமல் விட்டுவிட்டு வெளிச்சம் போதவில்லை என்று சதவீதத்தை ஏற்றி, அப்புறம் ஒரு நாள் துடைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

போன தையில் மாமா மறுபடி வந்திருந்தார். இப்போது கடலுக்குப் போவதில்லை, காது ரெண்டும் சரியாகக் கேட்பதில்லை. சாயங்காலம் தொட்டிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர் இரவுச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை, தட்டை அங்கேயே கொடுத்தோம். எட்டு மணிக்கு வெள்ளை இறங்க ஆரம்பித்தது. மஷ்ரூமின் சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்தது, ஜோவாக்களின் ஓரங்கள் பச்சையாக எரியத் தொடங்கின. அவர் என்னைப் பார்க்காமலே "நாலு பாகம்" என்றார். சற்று நேரம் கழித்து, "இப்ப ஆறு." வெள்ளை கிட்டத்தட்ட முழுவதும் போனதும், "எட்டு இருக்கும். இங்ஙனதான் நல்ல சங்கு கெடக்கும்."

மறுநாள் மதியம் விளக்கு முழுசாக எரியும்போதும் பார்த்துவிட்டு, "வெள்ள கொஞ்சம் தூக்கலா இருக்கு மருமவனே, இது கரையோரத் தண்ணி" என்றார். அன்று ராத்திரியே புரோகிராமைத் திறந்து 30-ஐ 24 ஆக்கினேன். கண்ணாடியில் படிகிற பாசி அப்புறம் இன்னும் குறைந்தது. மஷ்ரூம்கள் விரிந்தபடியேதான் இருக்கின்றன, அதனால் அந்த எண்ணை இதுவரை மாற்றவில்லை.